நாற்பது கிலோ நாதம்

ஹாரோ, லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் பேசும்போது, பின்னால் கேட்பது வீணையா சந்தூரா என்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை. கீழ்வீட்டு அம்மணி ஹார்ப் சாதகம் செய்கிறார். அவருக்குப் பிழைப்பே அதுதான். பாணர்கள் யாழைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்களே, அந்த வம்சத்து வாத்தியம். ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிதான். ஆறடி உயரம், 40 கிலோ எடை, 47 தந்தி.

இந்த ஊரில் ஹார்ப்காரர்கள் வீடு பார்க்கப் போனால் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் மாடிப்படியைப் பார்க்கிறார்கள். கார் வாங்கப் போனால் மைலேஜ் கேட்பதில்லை, பின்கதவைத் திறந்து டேப் வைத்து அளக்கிறார்கள். அம்மணியின் காரில் பின்சீட்டை நான் பார்த்ததே இல்லை, எப்போதும் மடக்கியே கிடக்கும். காரைவிட உள்ளே படுத்திருப்பதுதான் விலை அதிகம். நல்ல புதுக் கச்சேரி ஹார்ப் பெரும்பாலும் 20,000 பவுண்டுக்குக் குறைந்து வராது.

ஏற்றும் வைபவத்தைக் கேளுங்கள். முதலில் ஏழு பெடலையும் மேலே விட்டுவிட வேண்டும், அப்போதுதான் தந்தியின் இழுப்பு கொஞ்சம் தளரும். பிறகு மெத்தை உறை. அதன்பின் டிராலியில் சாய்த்து வாசல்படியில் ஒவ்வொரு படியாக இறக்கி, காருக்குப் பின்னால் நிறுத்தி, தலையை உள்ளே சாய்த்து, அடியைத் தூக்கித் தள்ள வேண்டும். தள்ளுவது பல நாள் நான்தான். கூலி, ஒரு துண்டு கேக். தெருவில் போகிறவர் யாராவது நின்று, "புல்லாங்குழல் கற்றிருக்கலாமே!" என்று சொல்லிவிட்டு, உலகத்திலேயே முதன்முதலாகத் தானே அதைச் சொன்னதுபோலச் சிரிப்பார். அம்மணியும் முதன்முதலாகக் கேட்பதுபோலச் சிரிப்பார். அதுவும் தொழிலில் சேர்த்திதான்.

பெடல் விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. ரிஷபத்தின் பெடலை மிதித்தால் ஏறக்குறைய எல்லா ஸ்தாயியிலும் ரிஷபம் அரை ஸ்வரம் ஏறிவிடும். மேலே தேவதைபோல் கை அசைய, கவுனுக்கு அடியில் கால் தையல் மெஷின் மிதிக்கிறது. இந்த வித்தை முழு வடிவம் பெற்றது லண்டனில்தான். செபாஸ்தியன் எரார்டு என்பவர் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து இங்கே ஓடிவந்து, கிரேட் மார்ல்பரோ தெருவில் பட்டறை போட்டு, 1810-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். என்னைப்போல் பிழைக்க வந்தவர், என்னைவிட நன்றாகப் பிழைத்திருக்கிறார். ஸ தந்திகளுக்குச் சிவப்பு, ம தந்திகளுக்குக் கறுப்பு என்று அடையாளம் உண்டு. நான்கு விரலால்தான் வாசிக்கிறார்கள், சுண்டுவிரலுக்கு ஆயுள் முழுக்க விடுமுறை.

வருமானத்தில் பெரும்பங்கு கல்யாணமும் ஹோட்டல் டீயும். சீமான்கள் வெள்ளரிக்காய் சாண்ட்விச் மெல்லும்போது ஓரமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை, நிறுத்தினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபத்தில் தவில் வாசிக்கும்போது நீங்கள் அனுபவித்ததுதான். இங்கே கெட்டிமேளம் கிடையாது, அதற்குப் பதிலாக மணப்பெண் நடை உண்டு. அவள் எப்போது வருவாள், எத்தனை வேகத்தில் நடப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் போய் நிற்கிற இடத்தில் பாட்டும் அழகாகப் போய் நிற்க வேண்டும். நேர் வெயிலில் வாசிக்க மாட்டேன், மழையில் மாட்டேன், சமதரை வேண்டும், கை வைக்காத நாற்காலி வேண்டும் என்று அம்மணி முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார். ஒருமுறை இத்தனையும் ஒப்புக்கொண்டவர்கள், நாற்காலியைக் குளத்து நடுவில் இருந்த தீவில் போட்டு வைத்திருந்தார்களாம்.

ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி என்றால் மற்றவர்களுக்கு வெகுமுன்பே போய், அரங்கம் அமைதியாக இருக்கும்போதே சுருதி சேர்க்க வேண்டும். பாதி ஆயுள் சுருதி சேர்ப்பதில் போகிறது, மீதி ஆயுள் சேராத சுருதியில் வாசிப்பதில் போகிறது என்று ஹார்ப்காரர்களே கேலி பேசிக்கொள்கிறார்கள். வயலின்காரர்கள் வேர்க்க வேர்க்க வாசிக்கும்போது அம்மணி பக்கம் பக்கமாகச் சும்மா தாளம் எண்ணிக்கொண்டு இருப்பார். வாத்தியக்காரர் சங்கத்து ஒப்பந்தங்களில் பெரிய வாத்தியங்களுக்குத் தூக்குக்கூலி என்றே தனியாக ஒரு படி இருக்கிறது. நம்மூர் மேளச் செட்டுகளுக்கு இது தெரிந்தால் தவிலுக்கும் கேட்கலாம்.

இன்னொரு சங்கதி. ஒத்துக்கொண்ட கச்சேரிக்கு வேறு ஆளை அனுப்பும் வழக்கம் இங்கேயும் உண்டு, 'டெப்' என்பார்கள். 1904-இல் ஹென்றி வுட் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் இனி ஆள் மாற்றக் கூடாது என்றதும், கோபித்துக்கொண்டு போனவர்கள் தொடங்கியதுதான் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா! வலங்கைமான் கல்யாணத்துக்கு நீங்கள் சிஷ்யனை அனுப்பிவிட்டுத் திருவாரூருக்குப் போனதை இனிமேல் யாராவது குறை சொல்லட்டும்.

டிசம்பர் இவர்களுக்கு மார்கழி சீசன். ஒரு பக்கம் 'நட்கிராக்கர்' பாலே, இன்னொரு பக்கம் சர்ச்சுக்குச் சர்ச், பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் 1942-இல் சிறுவர் குரலுக்கும் ஹார்ப்புக்கும் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டுகள். ஒரே நாளில் இரண்டு இடம், இரண்டு முறை ஏற்றி இறக்கல். பகலில் நகர நடுவுக்குள் கார் நுழைந்தாலே நெரிசல் கட்டணம். ரயிலில் போகலாமே என்கிறீர்களா? பாதாள ரயிலின் எஸ்கலேட்டரை ஒருதரம் பார்த்தால் கேட்க மாட்டீர்கள்.

சம்பாத்தியக் கதையும் கேளுங்கள். 1967-இல் ஷீலா புரோம்பர்க் என்ற ஹார்ப்காரர் அபே ரோடு ஸ்டூடியோவில் இரவு 9 மணிக்கு உட்கார்ந்து, நள்ளிரவு வரை பீட்டில்ஸ் குழுவுக்காகத் திரும்பத் திரும்ப ஒரே பாட்டை வாசித்தார். அவர்கள் ஆல்பத்தில் வாசித்த முதல் பெண் அவர். கடைசியில் எடுத்துக்கொண்டது முதல்முறை வாசித்ததைத்தான். கூலி 9 பவுண்டு. அந்த ரிக்கார்டு இன்னும் விற்கிறது. ஆனால் இந்த வாத்தியம் ஆளைச் சாய்ப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிடோனி கூசென்ஸ் என்ற ஹார்ப்காரர் 1930 முதல் 50 வருஷம் பி.பி.சி. சிம்பனியில் வாசித்து, 91 வயதில் ப்ராம்ஸ் (Proms) இசை விழாவின் கடைசி இரவில் மேடையேறி, 105 வயது வரை இருந்தார். ஹார்ப்காரர்களுக்கு அரச குடும்பத்து ஆஸ்தான வித்வான் பதவிகூட உண்டு. 2000-இல் அப்போதைய இளவரசர் சார்லஸ் அதை மறுபடி கொண்டுவந்தார்.

கோடையில் நீங்களும் சித்தியும் வரும்போது அம்மணியை அறிமுகப்படுத்துகிறேன். தவில் கேட்க ஆசையாக இருக்கிறாராம், கொண்டு வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், புல்லாங்குழல் கற்றிருக்கலாமே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்