தொட்டியப்பர்

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பதுக்கு மேல், அறுபதுக்குள். அலுவலகத்தில் பேனாவையும் கணினியையும் தவிர வேறு எதையும் தொட அவசியமில்லாத உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் பென்சிலும் சட்டைப்பையில் டெஃப்லான் டேப் உருளையுமாக நிற்பார். கட்டைவிரல் நகத்தில் சிலிக்கான் காய்ந்திருக்கும். கிட்டே போனால் லேசாக வினிகர் வாடை அடிக்கும். அது சிலிக்கான் காயும்போது விடுகிற அசிட்டிக் அமிலம். ஊறுகாய் விவகாரம் எதுவும் இல்லை. இவருக்குத் தொட்டியப்பர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவர் மீன் வளர்க்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தவறான தகவல். மீனுக்கு இரை போடுவது மகள். பெயர் வைத்ததும் அவள்தான். விளக்கைப் போட்டு அணைப்பதை டைமர் பார்த்துக்கொள்கிறது. தொட்டியப்பர் வளர்ப்பது தொட்டிக்குக் கீழே, அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஓடும் குழாய்களை. வந்த விருந்தாளி ஏஞ்சல் மீனைப் பார்த்து, "அடடா, என்ன அழகு!" என்றால் "ம்" என்பார். பிறகு மெல்லக் குனிந்து கதவைத் திறப்பார். "இத பாருங்க. முக்கால் இன்ச் லைன். நடுவுல ஒரு யூனியன் குடுத்திருக்கேன். எப்ப வேணும்னாலும் கழட்டிக்கலாம்." அப்போதுதான் முகத்தில் வெளிச்சம் வரும். காபி குடிக்க வந்த மனிதர், ஐந்தாவது நிமிடம் மண்டிபோட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருப்பார்.

பிறவியிலேயே இப்படி இல்லை. மகள் அடம்பிடித்தாள் என்று ஒருநாள் கொளத்தூருக்குப் போனார். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். கப்பி முதல் அரோவானா வரை எதைக் கேட்டாலும் பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு சின்னத் தொட்டி, ஒரு காற்று மோட்டார் என்று வாங்கி வந்தார். மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்தார். ராத்திரி கரண்ட் போயிற்று. காற்று ஏறிக்கொண்டிருந்த டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி, மோட்டாருக்குள் புகுந்து, அங்கிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது. மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே மாட்டியிருந்தால் தீர்ந்தது. இல்லையென்றால் டியூபின் நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஒருவழி வால்வைச் செருகினால் போதும். நீங்களும் நானும் அதைச் செய்துவிட்டு மறந்துபோவோம். தொட்டியப்பருக்கோ விடியும்வரை தூக்கம் பிடிக்கவில்லை. மேலே இருக்கும் தண்ணீர் கீழே போக வழி தேடுகிறது. அதைத் தடுக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. அலுவலகத்தில் யாருக்கும் தேவைப்படாத மனிதருக்கு இது பெரிய சேதி.

அப்புறம் நான்கடித் தொட்டி வந்தது. நீளம் நாலடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. நிரப்பினால் ஏறக்குறைய 250 லிட்டர், அதாவது கால் டன் தண்ணீர், முதல் மாடிக் கூடத்தில். பின்பக்கக் கண்ணாடியில் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் மாட்டினார். அதன் வழியாக வழிகிற தண்ணீர், கீழே அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அதற்கு சம்ப் என்று பெயர். அங்கே வடிகட்டிய தண்ணீரைப் பம்ப் மறுபடி மேலே தள்ளும். உள்ளே இருந்த ஆறு மீனுக்கு ஒரு சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டர் தாராளம். கடைக்காரரே சொன்னார். ஆனால் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஜாயின்ட் கிடையாது. ஜாயின்ட் இல்லாவிட்டால் ஒழுகாது. ஒழுகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

இவரிடம் சரித்திரமும் பேசலாம். 1909-இல் சென்னை மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். என்னென்ன மீன் இருந்தது என்று கேட்கமாட்டார். "பம்பிங் எப்படிப் பண்ணியிருப்பான்? அப்ப பிவிசியே கிடையாதே!" என்று கவலைப்படுவார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, ஓரமெல்லாம் புட்டி பூசிய அந்தக் காலத்துத் தொட்டிகள் மேல் இவருக்குத் தனி மரியாதை. 1960-களில் சிலிக்கான் வந்து, கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டியே தொட்டி செய்யலாம் என்று ஆனதில் ஒழுகும் இடங்கள் குறைந்துபோயின. அதில் அவருக்கு ஒரு சின்ன மனக்குறை.

ஒழுகலை யார் முதலில் பார்த்தாலும், தொட்டியப்பர் ஒப்புக்கொள்ள நேரம் பிடிக்கும். அலமாரிக்குள் விரித்த பழைய நாளிதழ் நனைந்திருக்கிறது என்று வீட்டு அம்மாள் சொல்வார்.

"அது லீக் இல்லம்மா. வேர்வை. வெளியில சூடு, உள்ள தண்ணி. கண்ணாடி வேர்க்கும்."

சென்னையில், குளிரூட்டாத தொட்டி வியர்க்காது. தண்ணீரும் அறையும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கும். வியர்ப்பது அவர் ஒருவர்தான். மறுநாளும் நாளிதழ் நனைந்தால், கைப்பேசியில் கணக்குப் போட உட்காருவார். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. ஆக 4 லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கை வீட்டிலுள்ள எல்லோருக்கும், பால் போட வந்தவருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று மட்டும் பார்க்கமாட்டார். காய்ந்த துணியால் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துடைத்து, டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, முதலில் எது நனைகிறது என்று பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அது துப்பறியும் வேலை. தொட்டியப்பருக்குப் பிடித்தது அறுவைச் சிகிச்சை. தண்ணீர் சொட்டுகிற இடம்தான் ஒழுகுகிற இடம் என்பது அவர் கட்சி. ஆனால் தண்ணீர் எங்கோ மேலே கசிந்து, குழாயின் முதுகிலேயே சத்தமில்லாமல் நடந்து வந்து, தாழ்வான எல்போவில் சொட்டாகிறது. பாவம், எதுவும் செய்யாத அந்த எல்போதான் ரம்பத்துக்குத் தலை கொடுக்கும்.

ஹார்டுவேர் கடையில் இவருக்குத் தனி வரவேற்பு உண்டு.

"வாங்க சார். வீட்டு வேலை இன்னும் முடியலையா?"

"முடிஞ்ச மாதிரிதான் அண்ணாச்சி. முக்கால் எம்டிஏ ஒண்ணு, எஃப்டிஏ ஒண்ணு, எல்போ நாலு, ஆக்ஸா பிளேடு ஒண்ணு. சால்வென்ட் சின்ன டப்பா."

"சால்வென்ட் போன வாரம்தானே கொண்டுபோனீங்க?"

"அது காஞ்சிடுச்சு."

"எதுக்கும் ஒரு வாஷர் மாத்திப் பாருங்க சார். அஞ்சு ரூபாதான்."

தொட்டியப்பர் சிரிப்பார். ஐந்து ரூபாயில் தீர்கிற நோய் இவர் வீட்டுக்கு வராது.

டேங்க் நிப்பிளில் தண்ணீரை நிறுத்துவது ரப்பர் வாஷர். மரை அங்கே இறுக்கிப் பிடிப்பதற்கு மட்டும்தான். டெஃப்லான் டேப்புக்கு அங்கே வேலையே இல்லை. தொட்டியப்பர் அந்த மரைக்குத்தான் முழு உருளையையும் சுற்றுவார், அதுவும் எதிர்த்திசையில். நட்டைத் திருகத் திருக டேப் அவிழ்ந்து நூலாக வெளியே வரும். கையால் இறுக்கி, மேலே ஒரு கால் சுற்று போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். பைப் ரென்ச் வாங்கியவர் எப்படிக் கையால் இறுக்குவார்? ஒருமுறை "டிக்" என்று சத்தம் கேட்டது. கண்ணாடியில் முடி அளவு ஒரு கோடு. "அது ஏற்கெனவே இருந்தது" என்றார். வீட்டில் யாரும் பதில் பேசவில்லை.

எல்லாம் தோற்ற பிறகு சிலிக்கான். ஈரத்தின் மேல் அது ஒட்டாது. பிவிசியை அது அவ்வளவாக மதிப்பதில்லை. பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கானும் சரியாகப் பிடிக்காது; பிளேடால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூசவேண்டும். தொட்டியப்பர் சுரண்டமாட்டார். பொங்கலுக்குப் பொங்கல் சுவரில் ஏறுகிற சுண்ணாம்பு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டே போவார். ஒருநாள் முழுக்கக் காயவிடவேண்டும் என்று டியூபிலேயே போட்டிருக்கும். அரை மணிக்கு ஒருதரம் விரலால் அழுத்தி, காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார். அந்த விரல்தான் மறுபடி துளை போடுகிறது என்று மகள் சொன்னாள். அவளைப் படிக்கப் போகச் சொன்னார். இதற்கும் மேல் எம்-சீல் இருக்கிறது. அதைப் பிசையும்போது அவர் முகத்தில் தெரிகிற நிம்மதியை வேறு எப்போதும் பார்க்கமுடியாது.

இந்த வைபவங்களின்போது மீன்கள் பாத்ரூம் பக்கெட்டில் இருக்கும். வீட்டில் யாரும் குளிக்கமுடியாது. எப்படியும் கழற்றியாயிற்றே என்று ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பளிச்சென்று கசக்கிப் பிழிந்துவிடுவார். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றிக்கொடுக்கும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த தண்ணீர் பட்டால் கூண்டோடு போய்விடும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசவேண்டும். மூன்றாம் நாள் தொட்டி பால் கலந்த நிறத்துக்கு மாறி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். தொட்டியப்பர் அப்போதும் கீழேதான் பார்த்துக்கொண்டிருப்பார். "பாத்தியா, ஒரு சொட்டு இல்ல!"

பெரிய வெள்ளம் வந்தது ஒரு நள்ளிரவில். மேலே போகும் குழாயின் வாயை, சத்தம் வருகிறது என்று, நீர்மட்டத்துக்கு நாலங்குலம் கீழே அமிழ்த்தி வைத்திருந்தார். கரண்ட் போனதும் பம்ப் நின்றது. அந்த வாய் வழியாகவே தண்ணீர் திரும்பி சம்புக்கு ஓட ஆரம்பித்தது. நான்கடித் தொட்டியில் நாலங்குலம் என்றால் சுமார் 56 லிட்டர். இதற்காகவே சம்பில் இடம் காலியாக விடுவார்கள். இவர் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று விளிம்புவரை நிரப்பியிருந்தார். குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். துளை போட்டுத்தான் இருந்தார். அதை எப்போதோ பாசி அடைத்துவிட்டது. கரண்ட் திரும்பியபோது வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குப் போயிருந்தது, மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஈஎல்சிபி விழுந்திருந்தது. ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மாட்டியிருந்தால் சொட்டு அந்த வளைவிலேயே தரையில் விழுந்திருக்கும். வீட்டில் அன்று உருப்படியாக வேலை செய்தது அந்த ஈஎல்சிபி ஒன்றுதான்.

காலையில் கீழ்வீட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், படியேறி வந்தார். சாதுவான மனிதர்.

"சார், எங்க ஹால் சீலிங்ல ஈரம் இறங்குது."

"ஹால்லயா? ஹால்ல ஏது சார் குழாய்?"

"இல்ல, உங்க மீன் தொட்டி..."

"அது க்ளோஸ்டு சிஸ்டம் சார்."

தலைமையாசிரியருக்கு அது என்னவென்று தெரியாது. கேட்கவும் கூச்சம். இறங்கிப் போய்விட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில், கட்டடத்தில் நீர்க்கசிவு மோசமாகிவிட்டது, மொட்டைமாடிக்கு உடனே வாட்டர்புரூஃபிங் போடவேண்டும் என்று ஆவேசமாகப் பேசியவர் தொட்டியப்பர்தான். கைதட்டினார்கள்.

கடைசியில் அவர் அலுவலகம் போயிருந்த நேரத்தில் வீட்டு அம்மாள் பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். பிளம்பர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, நிப்பிளைக் கழற்றிப் பார்த்தார். "வாஷரை நட்டுப் பக்கம் போட்டிருக்காங்கம்மா. தண்ணிப் பக்கம், காலருக்கு அடியில வரணும்." மாற்றினார். டெஃப்லானை எல்லாம் பிய்த்துப் போட்டார். கையாலேயே இறுக்கினார். காபிகூடக் குடிக்கவில்லை.

ஒழுகல் நின்றது. தொட்டியப்பர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டு, "எத்தனை நாள் தாங்கும்னு பாக்கலாம்" என்றார். தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாளிதழை விளம்பரம் உட்பட முழுசாகப் படித்தார். அலமாரிக் கதவைத் திறந்து தடவிப் பார்த்தார். காய்ந்த பலகை. மதியம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முதன்முறையாக மீன்களைக் கவனித்தவர், "இது என்ன மீன்?" என்று மகளைக் கேட்டார். வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுத் தலைமையாசிரியர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். பேரனுக்குப் பிறந்தநாளாம். கொளத்தூரிலிருந்து மூன்றடித் தொட்டி வாங்கி வந்திருக்கிறார்களாம். குழாய் மாட்டுமிடத்தில் லேசாக ஒழுகுகிறதாம்.

அவர் முடிப்பதற்குள் தொட்டியப்பர் பையோடு வாசலில் இருந்தார். பைப் ரென்ச், ஆக்ஸா பிளேடு, எம்-சீல், இரண்டு டியூப் சிலிக்கான். படி இறங்கும்போது தலைமையாசிரியரின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க சார், நான் பாத்துக்கறேன். உங்களுக்கென்ன, குடுத்து வெச்சவர். கீழ வீடே இல்ல."