இரண்டாவது ஆள் பார்த்தாரா?

சென்ற இதழில் ஏர் ஆம்புலன்ஸ் பற்றி ஒரு வரி எழுதினோம். அதற்கு வந்த கடிதங்கள் எல்லாமே ஹெலிகாப்டர் கேள்விகள். இந்த முறை மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு மேலே அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர் அடிக்கடி தாழப் பறக்கிறது. பயமாக இருக்கிறது. புகார் செய்யலாமா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பதில்: வேண்டாம் ஐயா. அது லண்டன் ஏர் ஆம்புலன்ஸ். வைட்சாப்பலில் ராயல் லண்டன் மருத்துவமனையின் கூரையில் அதற்குத் தளம் இருக்கிறது. அது உங்கள் தெருவில் தாழ்ந்தால், அக்கம்பக்கத்தில் யாரோ உயிருக்குப் போராடுகிறார் என்று அர்த்தம். அடிபட்டவரிடம் மருத்துவரைக் கொண்டுவந்து இறக்குவதே அதன் முதல் வேலை. அதற்கு இரண்டு எஞ்சின், இரண்டு ஹைட்ராலிக் அமைப்பு. ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் நகரின் நடுப்பகுதியைத் தாண்டவேண்டுமென்றால் தேம்ஸ் ஆற்றை ஒட்டித்தான் போகவேண்டும்.

கேள்வி: எஞ்சின் இரண்டு, சரி. ஹைட்ராலிக் எதற்கு இரண்டு? (டூட்டிங் வாசகி)

பதில்: தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளின் சாய்வை மாற்றித்தான் ஹெலிகாப்டரை ஏற்றுவதும் இறக்குவதும் திருப்புவதும். சுழலும்போது அந்த இறக்கைகள் திருப்பித் தள்ளும் விசையை மனிதக் கை தாங்காது. எனவே விமானி கைப்பிடியை லேசாக அசைக்க, எண்ணெய் அழுத்தம் மீதி வேலையைச் செய்கிறது. பெரிய ஹெலிகாப்டர்களில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு வரை போகும். உங்கள் கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம்.

எண்ணெயை அழுத்தும் பம்பை அந்தச் சுழல் இறக்கைகளின், அதாவது ரோட்டரின், கியர்பாக்ஸே ஓட்டும்படி அமைப்பது வழக்கம். அதனால் எஞ்சின் நின்றாலும், காற்றின் விசையில் ரோட்டர் சுழலும்வரை அழுத்தம் இருக்கும், விமானி இறக்கிவிடலாம். எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள், ஒரு சொட்டு கசிந்தாலும் கண்ணில் படட்டும் என்று. ராபின்சன் ஆர்-22 போன்ற மிகச் சிறிய ஹெலிகாப்டருக்கு ஹைட்ராலிக்கே கிடையாது, கைபலம் போதும். ஒரே ஹைட்ராலிக் உள்ள நடுத்தர வகைகளில், அது போய்விட்டால் வேகத்தைக் குறைத்து முழுபலத்தோடு பிடித்து இறக்க விமானிகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். பெரியவற்றில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் இரண்டு.

கேள்வி: காருக்கு எம்.ஓ.டி. மாதிரி இதற்கும் வருடத்துக்கு ஒருமுறை சோதனையா? (ஹாரோ வாசகர்)

பதில்: வருடத்துக்கு ஒருமுறை என்றால் நான் ஏறமாட்டேன். அன்றாடம் பறக்கும் முன் ஒரு பார்வை. இத்தனை மணி நேரம் பறந்தால் இது, இத்தனை மாதம் ஆனால் அது என்று தனித்தனி அட்டவணை. குழாய் உரசித் தேய்ந்திருக்கிறதா, மூட்டில் கசிவு உண்டா, ஃபில்டரின் அடைப்பைக் காட்டும் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா, எண்ணெயில் ஈரமோ தூசியோ சேர்ந்திருக்கிறதா, எல்லாம் பார்க்கவேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ். பட்டறையில் சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். உலகில் எங்கோ ஒரு ஹெலிகாப்டரில் ஆபத்தான குறை தெரிந்தால், அதே வகை எல்லாவற்றிலும் இந்தப் பாகத்தைப் பார், இல்லையேல் மாற்று என்று அரசு ஒழுங்காணையம் போடும் உத்தரவு அது. சிலவற்றுக்குச் சில மணி நேரம் கெடு. சிலவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அவசர ஏ.டி. என்றால் அடுத்த பறப்புக்கு முன்பே செய்யச் சொல்லலாம். செய்யாமல் கிளப்பினால் சட்டவிரோதம். 2020 கடைசிவரை பிரிட்டனுக்கு இதைச் சொன்னது ஜெர்மனியில் கோல்ன் நகரில் இருக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை. அதன் பிறகு பிரிட்டனின் சொந்த சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி.

கேள்வி: லெஸ்டர் சிட்டி உரிமையாளர் இறந்த விபத்தும் ஹைட்ராலிக் கோளாறுதானா? என் மகனுக்கு அந்தக் கால்பந்து அணி என்றால் உயிர். (வெம்ப்ளி வாசகர்)

பதில்: இல்லை. ஆனால் ஹைட்ராலிக் அதில் இருந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விபத்து எனக்கு ஆறவில்லை.

2018 அக்டோபர் 27. அந்த ஏ.டபிள்யூ.169 வகை ஹெலிகாப்டர், பேட்டர்சியில் தேம்ஸ் கரையில் உள்ள லண்டன் ஹெலிபோர்ட் வழியாக லெஸ்டருக்குப் போனது. ஆட்டம் முடிந்து இரவில் மைதானத்தின் நடுவிலிருந்து எழுந்து, சுமார் 430 அடி உயரம் போனதும் சுழன்று விழுந்தது. அணியின் உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனப்பிரபாவும் கூட இருந்த நால்வரும் இறந்தார்கள்.

ஹெலிகாப்டர் தானே சுழலாமல் பிடிப்பது வால் ரோட்டர். அதன் நடுவே ஒரு தண்டு. ரோட்டர் சுழலும், தண்டு சுழலாது, முன்னும் பின்னும் நகர்ந்து இறக்கைகளின் சாய்வை மட்டும் மாற்றும். இரண்டுக்கும் இடையில் ஒரு பேரிங். அந்தத் தண்டைத் தள்ளுவது ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர். பேரிங் உள்ளுக்குள் தேய்ந்து இறுகிப்போனது. சுழலக்கூடாத தண்டு சுழல ஆரம்பித்தது. மறுமுனையில் இருந்த நட்டும் சேர்ந்து திருகி, விமானியின் பெடலோடு இருந்த இணைப்பு அறுந்தது. ஹைட்ராலிக் கெடவில்லை, அழுத்தம் இருந்தது. எங்கே நிற்கவேண்டும் என்று அதற்குச் சொல்லும் இணைப்புதான் போய்விட்டது. எனவே அது இறக்கைகளைக் கடைசி எல்லைவரை தள்ளிக்கொண்டே போனது.

பதினொரு நாளில், நவம்பர் 7 அன்று, ஏ.டபிள்யூ.169-க்கும் அதன் அண்ணன் ஏ.டபிள்யூ.189-க்கும் அவசர ஏ.டி. வந்தது: வால் ரோட்டர் ஆக்சுவேட்டரின் பொருத்தத்தைச் சோதி என்று. அடுத்தடுத்து பேரிங் சோதனையும் சேர்ந்தது.

ஃபார்ன்பரோவில் உள்ள விமான விபத்து விசாரணைப் பிரிவு ஐந்து ஆண்டு உழைத்து 2023 செப்டம்பரில் அறிக்கை தந்தது. படித்தபோது என்னை உலுக்கியது இதுதான்: கட்டாயச் சோதனைகளில் எதுவும் விடுபட்டிருக்கவில்லை. அட்டவணைப்படி எல்லாம் நடந்த, இரண்டே ஆண்டு பறந்த ஹெலிகாப்டர். ஆனால் பறத்தல் சோதனையில் கிடைத்த விசை அளவுகள் பேரிங் செய்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சேர்க்கவேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. பயன்பாட்டிலிருந்து கழற்றிய முக்கியப் பாகங்களைப் பிரித்து ஆராயவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பட்டியலில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பட்டியலில் என்ன இல்லை என்று யாரும் பார்க்கவில்லை.

கேள்வி: விமானி வேறு மாதிரி செய்திருந்தால் தப்பித்திருக்கலாமோ? (வெம்ப்ளி, அதே வாசகரின் மகன்)

பதில்: முடியாது தம்பி. அந்த இணைப்பு அறுந்த பிறகு அதை யாராலும் கட்டுப்படுத்தியிருக்க முடியாது என்பதே விசாரணையின் முடிவு. விபத்து நடந்த அன்றே விமானியைக் குறை சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த விமானியின் குடும்பம் அந்த அறிக்கைக்காக ஐந்து ஆண்டு காத்திருந்தது.

கேள்வி: அப்படியானால் சோதனைகளை இரட்டிப்பாக்கிவிட்டால் ஆபத்து பாதியாகுமே? (குராய்டன் வாசகர்)

பதில்: ஆகாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும், தவறாகத் திரும்பப் பூட்டும் வாய்ப்பு ஒன்றும் உள்ளே வருகிறது.

2011 டிசம்பர் 7. அமெரிக்காவின் லாஸ் வேகாஸிலிருந்து ஹூவர் அணையைப் பார்க்க ஒரு ஏ.எஸ்.350 ஹெலிகாப்டர் கிளம்பியது. முதல் நாள்தான் அதற்கு 100 மணி நேரச் சோதனை முடிந்து, இறக்கைகளின் சாய்வை மாற்றும் ஹைட்ராலிக் சர்வோ ஒன்றைப் புதிதாகப் பூட்டியிருந்தார்கள். அந்தச் சர்வோவை விமானியின் கைப்பிடியோடு இணைக்கும் தண்டு நடுவானில் கழன்றது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். பழைய நட் மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்தது. அதன் பிடிப்பு தளர்ந்திருந்தது. அதைக் காக்கவேண்டிய ஸ்பிளிட் பின் ஒழுங்காகப் போடப்படவில்லை, அல்லது போடப்படவே இல்லை. மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படித்தான் அந்தப் பின்: சக்கரம் ஓடும்போது அது இருப்பதே தெரியாது.

இரண்டாவது ஆள் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார். ஆய்வாளர் சரிபார்த்த பிறகே ஹெலிகாப்டர் வெளியே போனது. பூட்டியவர், சரிபார்த்தவர், இருவருமே சோர்ந்திருந்தார்கள் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் தாளும் இருவருக்குமே இல்லை. உத்தரவு போடுகிறவர்கள் சோதனைக்குக் கெடு விதிக்கிறார்கள். அதைச் செய்யும் மனிதன் முந்தைய இரவு தூங்கினானா என்பதையும் அதே கண்டிப்போடு கேட்கவேண்டும். என் ஆதங்கமெல்லாம் இதில்தான்.

கேள்வி: என் மகன் பல்கலைக்கழகம் வேண்டாம், ஹெலிகாப்டர் பராமரிப்பில் அப்ரன்டிஸாகச் சேருகிறேன் என்கிறான். கையெல்லாம் கிரீஸோடு வருவானே! சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? (ஹேஸ் வாசகி)

பதில்: அம்மா, சந்தோஷமாக அனுப்புங்கள். தேர்வுகளும் சில ஆண்டு அனுபவமும் முடித்து பி1 உரிமம் வாங்கிவிட்டால், "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் அவனுக்கு. அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தக் கோடீஸ்வரரின் ஹெலிகாப்டரும் தரையை விட்டு எழும்பாது. கட்டுப்பாட்டு இணைப்புகளில் கைவைத்த வேலை என்றால், செய்தவர் ஒருவர், தனியாகச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இரண்டு பேர் வேண்டும். உங்கள் மகன் ஒருநாள் அந்த இரண்டாவது ஆளாக இருப்பான். நண்பன் செய்த வேலைதானே என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாத பிள்ளையாக அவனை நீங்கள் ஏற்கெனவே வளர்த்திருப்பீர்கள். சொந்தக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: லண்டன் ஏர் ஆம்புலன்ஸுக்கு நன்கொடை தருகிறேன். அந்தப் பணம் நோயாளிக்குப் போகாமல் பராமரிப்புக்குப் போனால் வீண்தானே? (இல்ஃபோர்ட் வாசகர்)

பதில்: பராமரிப்புக்குப் போவதும் நோயாளிக்குத்தான். அவர்களிடம் இரண்டு ஹெலிகாப்டர்கள் இருப்பதற்கு முக்கியக் காரணமே, ஒன்று பட்டறையில் நிற்கும்போது மற்றது பறக்கவேண்டும் என்பது. பழைய இரண்டும் வயதாகி, உதிரிபாகம் கிடைப்பது கடினமானபோது, 1.5 கோடி பவுண்டு திரட்டி 2024-ல் இரண்டு எச்135 வாங்கினார்கள். உங்கள் காசும் அதில் இருக்கும். தொடர்ந்து கொடுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் இதெல்லாம் உண்டா? (சென்னையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: உண்டு ஐயா. பெங்களூரில் எச்.ஏ.எல். செய்யும் துருவ் ஹெலிகாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அடுத்தடுத்து விபத்துகள். கட்டுப்பாட்டுத் தண்டுகளை அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாற்றினார்கள். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தார்கள். ஹைட்ராலிக் அசைக்கும் அசைவை இறக்கைகளுக்குக் கொண்டுபோகும் ஸ்வாஷ் பிளேட்டில் முறிவு. முப்படைகளிலும் துருவ் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள். நிறுத்தியது துணிச்சலான, சரியான முடிவு. ஆனால் இங்கே லெஸ்டர் அறிக்கையை நீங்களும் நானும் வீட்டில் உட்கார்ந்து முழுதாகப் படிக்க முடிகிறது. அந்த வெளிப்படைத்தன்மை நம் ஊரிலும் வரவேண்டும். இறந்தவர்களின் வீட்டாருக்கு அது உரிமை.

கேள்வி: பகிடி இல்லை. முப்பது வருஷமாய் லண்டனில இருக்கிறன். ஹெலிச் சத்தம் கேட்டால் இப்பவும் கதவு நிலைக்கு ஓடத் தோன்றுது. பேரப்பிள்ளையள் சிரிக்கினம். (லூவிஷம், யாழ்ப்பாணத்து அம்மா)

பதில்: அம்மா, சிரிக்கவேண்டாம் என்று பேரப்பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். மேலேயிருந்து சுட்ட ஹெலியை நிமிர்ந்து பார்த்தவர்கள் நீங்கள். அந்த உடம்புக்கு இந்த ஹெலி வேறு என்று காதால் பிரித்துச் சொல்லத் தெரியாது. பிள்ளைகளை ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் ஓடத் தோன்றுகிறது என்று சொல்லுங்கள். தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் உங்கள் ஜி.பி.யிடம் கட்டாயம் பேசுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம்.

கேள்வி: மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஹெலிகாப்டரில் லண்டனைச் சுற்றிக் காட்ட ஆசை. ஒரு நண்பரின் நண்பர் பாதி விலைக்கு அழைத்துப்போகிறாராம். போகலாமா? (சர்பிட்டன் வாசகர்)

பதில்: பாதி விலைக்காரரை விடுங்கள். காசு வாங்கி ஆள் ஏற்றுவதற்கு ஏர் ஆப்பரேட்டர் சர்டிஃபிகேட் வேண்டும். இருக்கிறதா என்று சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போனது அந்தச் சான்றிதழ் இல்லாத சிறு விமானம். ஓட்டியவரிடம் வணிக உரிமமும் இல்லை. ஏற்பாடு செய்தவருக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. சாலா திரும்ப வரவில்லை. சான்றிதழ் உள்ள நிறுவனத்தில் முழு விலைக்கு வாங்குங்கள். பிறந்தநாள் காலையில் அவர்கள் கூப்பிட்டு, டெக்னிக்கல் காரணத்தால் இன்று பறக்கமாட்டோம் என்றால் சண்டை போடாதீர்கள். வேறு தேதி வாங்கிக்கொண்டு, அன்று மனைவியைப் படகில் அழைத்துப்போங்கள். என் வாழ்த்தையும் சொல்லுங்கள்.