கொலுப் பார்க்கில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை: ஓர் ஆய்வு

நவராத்திரிக் கொலு என்றதும் பேச்சு படிகளைப் பற்றியே போகிறது. எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மேலே கலசமும் தெய்வங்களும், கீழே வர வர மனிதர்களும் செட்டியார் கடையும் என்று எல்லாவற்றுக்கும் மரபு உண்டு. படிகளைத் தாண்டித் தரையில் விரியும் 'பார்க்'கை மட்டும் சாஸ்திரம் கண்டுகொள்ளவில்லை. சாஸ்திரம் விட்டுவைத்த அந்த இடத்தில்தான் நகைச்சுவை குடியேறியது.

1. ஆய்வுக் களம்

மணலைப் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்க விட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி, குளம். தெர்மாகோல், கயிலாயம். குடிமக்கள் பல தேசத்தவர்: ஒரு சாண் உயரப் பண்ருட்டிக் களிமண் போலீஸ்காரர், கொண்டபள்ளி மர மாடு, 1978இல் பிறந்து இன்றுவரை நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாத லெகோ ஆள். பக்கத்தில் நிற்கும் பொம்மைக் கார் அசலில் 64இல் ஒரு பங்கு. அதை ஓட்ட வேண்டியவர் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். குளத்து வாத்தோ காரைவிடப் பெரியது.

சிரிப்புக்குக் காரணம் இந்த அளவுக் குளறுபடியே என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவோர் உண்டு. இவ்வாய்வு அதை மறுக்கிறது. கோவர்த்தன மலையை ஒரு விரலில் தாங்கும் பிள்ளையை மேல்படியில் சேவித்துவிட்டு வருபவருக்கு வாத்தின் உடல்வாகு உறுத்துவதே இல்லை.

2. ஆய்வுச் சிக்கல்

கொலு பொம்மை பிறக்கும்போதே வந்தவரைப் பார்த்துத்தான் பிறக்கிறது. கண், மை, ஜரிகை எல்லாம் முன்பக்கத்துக்கு. முதுகுக்குப் பெரும்பாலும் ஒரே பூச்சு. விளைவு: கல்யாண செட்டின் பந்தியில் நாய் புகுந்து லட்டைக் கவ்வினாலும் மாப்பிள்ளை, பெண், சமையல்காரர், நாய் நால்வரும் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நம்மையே பார்த்துச் சிரிக்கிறார்கள். குற்றம் நடந்திருக்கிறது, சாட்சி இல்லை.

3. கண்டறிந்தது

சமையல்காரரை நாயின் பக்கம் கால்வாசி திருப்புக. அவ்வளவுதான், கதை பிறந்துவிடும். முழுக்கத் திருப்பினால் பூச்சு மட்டும் கண்ட முதுகுதான் தெரியும். முகமும் தெரிய வேண்டும், பார்வை எங்கே போகிறது என்பதும் தெரிய வேண்டும். இன்னொன்று: திருப்புவது ஒருவரை மட்டுமே. எல்லோரும் பார்த்தால் அது புகார். ஒருவர் மட்டும் பார்த்தால் நகைச்சுவை. மாப்பிள்ளை கடைசிவரை அசடு வழிய முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதே காட்சிக்கு உயிர்.

4. படமெடுக்கும் நெறி

நின்றபடி எடுத்தால் தலைப்பாகைகள் மட்டுமே பதிவாகும். லென்ஸ் பொம்மையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். பட்டுப்புடவையோடு தரையில் குப்புறப் படுக்க மனமில்லாதவர்கள் போனைத் தலைகீழாகப் பிடிக்கலாம். லென்ஸ் தானாகவே மணலைத் தொடும். ஃபிளாஷ் கூடாது, பெயின்ட் பளபளத்துக் கன்னங்கள் விளக்கெண்ணெய் வழிந்தவையாகிவிடும். பக்கவாட்டில் ஒரு டேபிள் லாம்ப் போதும். மிகவும் நெருங்கினால் சமையல்காரர் துல்லியமாகி நாய் மங்கிவிடும். லட்டு யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாது. சற்றுப் பின்வாங்கி, எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வது உத்தமம்.

5. பரிந்துரை

பேரன் கல்யாண ஊர்வலத்தில் ஸ்பைடர்மேனைச் செருகுவான். பாட்டி பகலில் எடுத்துவிடுவார். மாலைச் சுண்டலுக்குள் ஸ்பைடர்மேன் மீண்டும் ஊர்வலத்தில் இருப்பார். ஆண்டுதோறும் நடக்கும் இந்தத் தகராறுக்கு இவ்வாய்வு சமரசம் ஒன்றை முன்வைக்கிறது: ஸ்பைடர்மேன் இருந்துவிட்டுப் போகட்டும். நாதஸ்வரக்காரரை மட்டும் அவர் பக்கம் கால்வாசி திருப்பி வைத்தால் போதும்.