முதல் அத்தியாயத்துக்குள் செத்துப்போகும் அப்பாக்கள்

உலகம் அழிந்த பிறகு நடக்கிற இளைஞர் நாவல்களில் குடும்பத் தலைவனுக்கு வேலை கிடையாது. மகளின் அலமாரியைத் துடைக்கிற சாக்கில் நான் படித்துப் பார்த்தவரை இதுதான் நிலவரம். 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாயகியின் அப்பா சுரங்க வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்தவர். கதை தொடங்கும்போதே ஆள் இல்லை. பிலிப் ரீவ் 2001இல் எழுதிய 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' நாயகன் டாம், அநாதை. அதில் நன்றாக உடுத்திக்கொண்டு, மகளிடம் பாசமாகப் பேசிக்கொண்டு ஒரு அப்பா உயிரோடு வருகிறாரே என்று மகிழ்ந்தேன். அவர்தான் வில்லன்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது 'தி ஷேடோ ஸ்பீக்கர்'. நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நெடி ஒகோராஃபோர் 2007இல் எழுதியது. கதை நடப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், 2070இல். அணுகுண்டும், அதற்கு மாற்றாகப் போட்ட 'அமைதிக் குண்டும்' சேர்ந்து பூமியைப் புரட்டிப் போட்டுவிட்டன. அமைதிக் குண்டு என்ற யோசனை ஒரு குடும்பஸ்தனின் மூளையில்தான் உதித்திருக்கும். வீட்டில் அமைதி வேண்டி நான் வாய் திறந்த போதெல்லாம் விளைவு இதேதான்.

இந்தப் புரட்டலில் பிள்ளைகளுக்கு விசித்திர சக்திகள் வந்துவிடுகின்றன. ஒருத்தர் பறக்கிறார், ஒரு பையன் மழையை வரவழைக்கிறான். கையடக்கக் கணினியும் இருக்கிறது, பேசும் ஒட்டகமும் இருக்கிறது. பக்கத்து உலகம் ஒன்றில் கணினியைச் செடியாகவே வளர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் துளசியே நிற்பதில்லை.

நாயகி எஜீக்கு 15 வயது. இருட்டில் பூனைபோலப் பார்க்கிற கண். நிழல்கள் அவளிடம் பேசும். அப்பா ஊர்த்தலைவர், கொடுங்கோலர். ஜா என்கிற வீராங்கனை வந்து, மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தலையைச் சீவிவிடுகிறாள். பின்னால் எஜீ, அதே ஜாவைத் தேடி, பேசும் ஒட்டகத்தோடு பாலைவனத்தில் கிளம்புகிறாள்.

முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் ஆசிரியருக்கு வேறு வழியில்லை. என்னைப் போன்ற அப்பா ஒருவர் தலையோடு இருந்திருந்தால் ஒட்டகம் தெருமுனையைத் தாண்டியிருக்காது.

"பாலைவனத்துக்கா? யார் யார் போறீங்க?"

"நானும் ஒட்டகமும்பா. வழியில ஒரு பையன் சேர்ந்துப்பான்."

"எந்தப் பையன்? அவங்க அப்பா என்ன பண்றார்?"

"அவனைக் கொக்கோ தோட்டத்துல அடிமையா வித்துட்டாங்கப்பா. தப்பிச்சு வந்திருக்கான். மழை வரவழைப்பான்."

"மழைங்கிறது சீசன் வேலைம்மா. பர்மனென்டா எதுவும் இல்லையா? சரி, இருட்டறதுக்குள்ள வந்துடு."

"எனக்கு இருட்டுல கண் தெரியும்பா."

"தெரியட்டும். டார்ச் எடுத்துக்கோ."

டார்ச்சில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டி முடிப்பதற்குள் இரண்டு உலகங்களுக்கிடையே போர் மூண்டு முடிந்திருக்கும். மிகைப்படுத்தவில்லை. மகள் தோழிகளோடு மாமல்லபுரம் போனபோதே பஸ் கண்டக்டரின் செல் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டவன் நான். அவரும் பொறுமையாக, "சார், கோவளம் தாண்டியாச்சு" என்று சொன்னார். நாவலில் அவரையும் முதல் அத்தியாயத்திலேயே முடித்திருப்பார்கள்.

சக்தி பிள்ளைகளுக்கு வரும் என்று ஒகோராஃபோர் எழுதியதில் கற்பனை எங்கே இருக்கிறது என்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் வைஃபை பெட்டியை நான் அணைத்துப் போட்டு, தட்டி, தலைகீழாகக் கவிழ்த்து, கம்பெனிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பேன். மகள் வந்து பக்கத்தில் நிற்பாள். பச்சை விளக்கு எரியும். அவள் எதையும் தொடக்கூட இல்லை என்பதற்கு என் மனைவியே சாட்சி.

எனக்கும் சக்திகள் உண்டு. தூக்கத்திலேயே மொட்டைமாடித் தொட்டி வழிகிற சத்தம் கேட்கும். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவதைத் தெருவிலிருந்தே உணர்வேன். எஜீ நிழல்களோடு பேசுகிறாள் என்றால், சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு செல்லோடு குனிந்திருக்கும் உருவங்களோடு நானும்தான் தினமும் பேசுகிறேன். ஒரு வித்தியாசம், அவளுக்குப் பதில் வருகிறது.

ஆறுதல் 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' பக்கமிருந்துதான் வந்தது. அதில் லண்டன் நகரம் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடி, சின்ன ஊர்களை விரட்டி விழுங்குகிறது. ஓடுகிற நகரத்துக்குள்ளும் ஒரு அருங்காட்சியகம். அழிந்துபோன அமெரிக்காவின் மிருகத்தலைத் தெய்வங்கள் என்று இரண்டு சிலைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். பார்த்தால் மிக்கி மவுஸும் புளூட்டோவும்! இதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பரணை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. மூடி தொலைந்த மிக்ஸி ஜார், எந்த போனுக்கும் சேராத சார்ஜர்கள், ஒயர் அறுந்த அயர்ன் பாக்ஸ், சத்தம் மட்டும் வரும் டிவி. நாளைய உலகம் இவற்றுக்குக் கோபுரம் கட்டும்.

இதை மனைவியிடம் விளக்கினேன். "கட்டட்டும். அதுவரைக்கும் காயலான் கடையில இருக்கட்டும்" என்றாள். எடைக்கு எடுப்பவரும் டிவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மிக்ஸி ஜாருக்கு மட்டும் விலை சொன்னார்.

கடைசியில் மகளிடமே கேட்டுவிட்டேன். "அந்த நைஜர் கதையில, தலை போகாம, எனக்கு ஏத்த மாதிரி ஒரு பாத்திரமாவது இருக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒட்டகம்பா. மூட்டை சுமக்கும். பேசவும் செய்யும்."

சம்மதம்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அது நாள் கணக்குல தண்ணியில்லாம நடக்கும்டி. இவருக்கு நாலு மணி காபி அஞ்சு நிமிஷம் தள்ளிப்போனா தலைவலி வந்துடும். அந்தத் தலை வெட்டுப்பட்ட அப்பாவே போதும்னு சொல்லு."