பட்ஜெட் இல்லை, எக்ஸ்போஷர் உண்டு

சென்னையில் ஒரு காபி ஷாப்போ மாலோ உள்ளூர் இசைக்குழுவைக் கூப்பிடும்போது பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். தேதி, நேரம் எல்லாம் சொல்வார்கள். நாலு ராஜா பாட்டு கட்டாயம் என்பார்கள். நடுவில் யாராவது கேக் வெட்டினால் 'ஹேப்பி பர்த்டே' வாசிக்க முடியுமா என்றுகூடக் கேட்பார்கள். காசு என்றதும் குரல் தழையும்: "பட்ஜெட் இல்ல ப்ரோ, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்." இதே வசனத்தை ஜெனரேட்டர்காரரிடம் யாரும் சொல்லிப் பார்ப்பதில்லை. சொன்னால் டீசலையும் எக்ஸ்போஷரிலேயே ஊற்றிக்கொள்ளச் சொல்வார்.

ஓசியில் வாசிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைக்கு ஆண்டுதோறும் பெரிய வித்வான்களே சன்மானம் கேட்காமல் வந்து, தரையில் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடிவிட்டுப் போகிறார்கள். அங்கேயும் பந்தல்காரருக்குக் கூலி உண்டுதான். ஆனால் அந்தப் பாட்டை வைத்து யாரும் கல்லா கட்டுவதில்லை. வெள்ள நிவாரணக் கச்சேரியும் அப்படித்தான். ஆகவே பார்க்க வேண்டியது கல்லாவை. நீங்கள் வாசிக்கும்போது எங்காவது பில் அடிக்கும் சத்தம் கேட்டால், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஓசியில் வாசிக்கச் சொல்வது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்கப் பாடகி அமாண்டா பால்மர் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் கேட்டது ஒரு லட்சம் டாலர். ரசிகர்கள் கொடுத்தது கிட்டத்தட்ட 12 லட்சம். அதே ஆண்டு இசைப் பயணம் கிளம்பியவர், போகிற ஊரிலெல்லாம் உள்ளூர்க் கலைஞர்கள் மேடையேறி வாசிக்கலாம் என்று அழைத்தார். கூலி? பீரும் கட்டிப்பிடித்தலும். இசைக்கலைஞர்கள் கொதித்தெழுந்த பிறகு சம்பளம் தருவதாக ஒப்புக்கொண்டார். முதலில் இல்லாத பட்ஜெட் திட்டு விழுந்ததும் எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் ரசமான இடம். பணம் இருந்தது, கொடுக்கத்தான் தோன்றவில்லை.

புதுப் பையன்களுக்கு யார் காசு கொடுப்பார்கள், மேடை கிடைப்பதே பெரிது என்பார்கள். மேடை பெரிதுதான். ஆனால் ஒத்திகை அறைக்காரர் புதுப் பையன் என்று மணிக்கணக்கு வாடகையைத் தள்ளுபடி செய்வதில்லை. கிடார் கம்பிக்கு நம் கடற்கரை ஊரின் உப்புக்காற்று ஒன்று போதும், துருப்பிடிக்க. டிரம் செட்டை ஒரே ஆட்டோவில் ஏற்ற டிரைவரின் கருணையும் மடியில் ஒரு சிம்பலும் வேண்டும். ஆக, ஓசி என்பது கடைக்காரருக்கு மட்டும்தான். குழுவுக்குக் கைக்காசு போகிறது. அனுபவம் குறைவென்றால் தொகையைக் குறைக்கலாம், பூஜ்ஜியமாக்க வேண்டியதில்லை.

கூட்டம் வரவில்லையென்றால் கடைக்காரர் என்ன செய்வார் என்பதும் நியாயமான கேள்வி. அப்படியானால் அன்றைய வசூலில் சதவீதம் பேசுங்கள். கூட்டம் இல்லாவிட்டால் நஷ்டம் இருவருக்கும். நடப்பதோ வேறு. "உங்க ஃப்ரெண்ட்ஸையெல்லாம் கூட்டிட்டு வாங்க" என்று குழுவிடமே ஆள் பிடிக்கும் வேலையும் சேர்கிறது. பேஸ் கிடாரிஸ்டின் சித்தி குடும்பத்தோடு வந்து நாலு கோல்ட் காபிக்குப் பில் கட்டுகிறாள். இசையும் இலவசம், வாடிக்கையாளரும் இலவசம். இதற்குப் பெயர் வாய்ப்பு!

பிடித்துத்தானே வாசிக்கிறார்கள் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. சமையலைப் பிடித்துச் செய்கிற மாஸ்டருக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. இன்னொன்று, இன்று ஒரு கல்லூரிக் குழு சும்மா வாசித்தால், நாளை அதே இடத்தில் கச்சேரியை நம்பிக் குடும்பம் நடத்துகிற மெல்லிசைக் குழுக்காரர் தன் ரேட்டைச் சொல்லும்போது, "போன வாரம் ஃப்ரீயா வாசிச்சாங்களே" என்ற பதில் தயாராக இருக்கும். பெருந்தன்மை ஒருவருடையது, பட்டினி இன்னொருவருடையது.

எனவே தம்பிகளே, தங்கைகளே, கோயிலுக்கும் நிவாரணத்துக்கும் சிநேகிதன் கல்யாணத்துக்கும் தாராளமாகச் சும்மா வாசியுங்கள். மற்ற இடமென்றால் தொகையைப் பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கி, பாதி அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.