டாட்டூவில் பரு வளர்ப்பது எப்படி?

கையில் புலி வரைந்தாகிவிட்டது. சதுர அங்குலக் கணக்கில் பணம் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாங்க வேண்டியதையும் வாங்கியாகிவிட்டது. பத்து நாள் கழித்துக் காலையில் பார்த்தால் புலியின் மூக்கு நுனியில் ஒரு பரு. வெள்ளை முனை, சுற்றிலும் சிவப்பு. புலிக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது.

விவரமில்லாதவர்கள் இதை அப்படியே விட்டுவிடுவார்கள். சில நாளில் அது வற்றி, உதிர்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். புலியும் முழுசாக இருக்கும். கொடுத்த காசுக்கு இதுதானா அனுபவம்? ஒரே ஒரு பருவை வைத்துக்கொண்டு முழுப் புலியையும் ஒழிப்பது எப்படி என்று சொல்லித்தரவே இதை எழுதுகிறேன். பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. பத்து விரலிலும் நகம் இருந்தால் போதும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கசப்பான உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். பருவை நம்பிப் பயனில்லை. ஊசி மையைக் கொண்டுபோய் வைப்பது மேல்தோலுக்கு அடியில், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் உள்தோலில். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற காவல்கார செல்கள் வந்து மைத்துகளை விழுங்கிவிடுகின்றன. விழுங்குமே தவிர, செரிக்க முடியாது. அந்த செல் ஆயுள் முடிந்து செத்தால் மை வெளியே கொட்டும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு செல் அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். பிரான்சில் மார்சேய் நகரத்து ஆய்வாளர்கள் எலியின் வாலில் பச்சை குத்திப் பார்த்து 2018-ல் இதைக் காட்டினார்கள். இத்தனை பத்திரமாகக் கைமாறிக்கொண்டிருக்கும் சொத்தை, மயிர்க்காலின் வாயில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் செத்த தோலும் அடைத்து உண்டான ஒரு சில்லறைப் பருவால் அசைக்க முடியாது. அது மேலாக வந்து மேலாகவே போய்விடும். ஆகவே வேலை முழுக்க உங்கள் தலையில்தான் விழுகிறது.

புது டாட்டூ என்றால் சுலபம். தோல் திறந்து கிடக்கிறது; மேலாக ஆறவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆர்ட்டிஸ்ட் வேறு குத்துவதற்கு முன் முடியை மழித்திருப்பார். அது திரும்ப முளைக்கும்போது பாதி உள்ளேயே சுருண்டுகொள்ளும், தானாகவே நாலு முளை எழும்பும். கடையை விட்டுக் கிளம்பும்போது ஒரு சீட்டு கொடுத்திருப்பாரே: கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், வாசனையில்லாத சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவுங்கள், ஒற்றி எடுங்கள், மெல்லிசாக ஒரு படலம் மட்டும் தடவுங்கள் என்று. முதல் காரியமாக அந்தச் சீட்டைத் தொலைத்துவிடுங்கள்.

பிறகு வாசலின். மெல்லிசாகத் தடவினால் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், நமக்கு ஒன்றும் கிடைக்காது. அள்ளி அப்ப வேண்டும். அதற்கு மேல் சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் பிரிக்காமல் இருக்க வேண்டும். காற்றுப் புகாது, வேர்வை வெளியேறாது, உள்ளே வெதுவெதுப்பாக ஈரம் தேங்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிக்கு இதைவிட நல்ல குடித்தனம் அமையாது. அது வழக்கமாகவே பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா தங்கியிருப்பதுதான். கதவைத் திறந்து விட்டால் மயிர்க்கால்களுக்குள் புகுந்து ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சீழ்ப்பொட்டு வைத்துவிடும்.

நீங்கள் சென்னையில் இருந்தால் பாதி வேலையைக் கத்திரி வெயிலே பார்த்துக்கொள்ளும். மே மாதத்தில் குத்திக்கொண்டு, அதன் மேல் முழுக்கைப் பாலியஸ்டர் சட்டை போட்டு, பைக்கில் அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்குப் போய்வாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம். பொடிப்பொடியாக, ஒரே அளவில், கொத்துக்கொத்தாகக் கிளம்பி முள்ளு முள்ளாகக் குத்தினால் அது பரு இல்லை, வேர்க்குரு. வேர்வைக் குழாய் அடைத்துக்கொண்டதால் வந்தது. ஃபேனுக்கு அடியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாலே அடங்கிவிடும். அடங்கிவிடும் என்பதால்தான் உட்காரக் கூடாது என்கிறேன். வாசனை பவுடரை எடுத்து, ஆறாத புண்ணின் மேல் தாராளமாகக் கொட்டுங்கள்.

இதற்குள் வீட்டில் விஷயம் பரவியிருக்கும். பெரியம்மா வந்துவிடுவார். வேனல்கட்டிக்குப் போடுகிற மாதிரி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டால் ராத்திரிக்குள் பழுத்து உடைந்துவிடும் என்பார். மறுக்காதீர்கள். சுண்ணாம்பின் காரம் நல்ல தோலையே சுட்டுவிடும். ஊசி ஏறிய தோலை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கொஞ்சம் தயங்கினால் அவர் சரித்திரத்தை எடுப்பார். “எங்க காலத்துல குறத்தி வந்து திண்ணையில உக்காந்து, விளக்குக் கரியத் தொட்டுக் குத்திட்டு, மஞ்சளத் தேச்சு விட்டுட்டுப் போவா. இந்தா பாரு, எனக்கு என்ன ஆச்சு?” என்று முழங்கையைத் திருப்பிக் காட்டுவார். நிஜமாகவே ஒன்றும் ஆகியிருக்காது. நாலு புள்ளியும் ஒரு கோடும் ஐம்பது வருஷமாக அசையாமல் இருக்கும். யாருக்கு என்னவோ ஆனதோ, அவர்கள் யாரும் நம் வீட்டுக்கு வந்து கையைத் திருப்பிக் காட்டப் போவதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். பிதுக்குதல்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்றுகொள்ளுங்கள். இரண்டு கட்டைவிரல் நகங்களையும் பருவின் இரு பக்கமும் நிறுத்தி, உள்நோக்கி அழுத்துங்கள். முதலில் வெள்ளை முனை வெடிக்கும். இது போதும் என்று இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தழும்பு கூட வராது. விடாமல் அழுத்தினால் தெளிந்த நீர் வரும், அப்புறம் ரத்தம் வரும். இப்போதுதான் நீங்கள் உள்தோல் வரை, அதாவது மை இருக்கும் தளம் வரை வந்திருக்கிறீர்கள். அழுத்தியதில் பாதிச் சீழ் வெளியே வந்தது; மீதிப் பாதி உள்பக்கமாகச் சிதறியிருக்கும். நாளைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எழும்ப அது உதவும். டாட்டூ புதிது என்றால், மேலே கட்டியிருக்கும் பொருக்கையும் சேர்த்துப் பிய்த்துவிடுங்கள். பொருக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மைதான்.

ஆறிய பிறகு அந்த இடத்தில் ஒரு வெளிறிய பள்ளம் கிடைக்கும். நம் ஊர் நிறத்துக்குச் சில பேருக்குப் பள்ளத்தைச் சுற்றி மாதக்கணக்கில் நீங்காத கருவளையமும் இலவசம். நெஞ்சிலோ தோளிலோ குத்தியிருந்து, உங்கள் குடும்பத்தில் தழும்பு தடித்து வளரும் வாகும் இருந்தால், பள்ளத்துக்குப் பதில் மேடே கிடைக்கும்: கெலாய்ட். ஆர்ட்டிஸ்டிடம் டச்சப்புக்குப் போனால், நன்றாக ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார். ஆறின பிறகும் தழும்பின் மேல் மை ஒரே சீராகப் பிடிக்காது.

எழுத்து டாட்டூ வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. மனைவி பெயரை ‘கமலா’ என்று அழகாகக் குத்தியிருந்த ஒருவருக்கு, மகரத்தின் தலைக்கு நேர் மேலே ஒரு பரு. சும்மா விட்டிருந்தால் போயிருக்கும். கிள்ளிக் கிள்ளி, கருத்துத் தடித்த ஒரு புள்ளியாக அதை நிரந்தரம் ஆக்கிவிட்டார். இப்போது கையில் இருப்பது ‘கம்லா’. யார் அந்த வடநாட்டுப் பெண் என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

நகத்தால் முடியாததை மெடிக்கல் ஷாப்பில் முடிக்கலாம். “அண்ணே, கையில ஏதோ பொரிஞ்சிருக்கு, ஒரு ட்யூப் குடுங்க” என்று கேட்டாலே போதும். கையை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்து நீட்டுவார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று டப்பாவிலேயே சிவப்பில் அச்சடித்திருக்கும். அதை இரண்டு பேருமே படிக்க மாட்டீர்கள். ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து எல்லாம் ஒரே ட்யூபுக்குள் கூட்டணி அமைத்திருக்கும். தடவிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கி, அண்ணன் கைராசிக்காரர் என்று தோன்றும். அந்த அடக்கம் ஸ்டீராய்டின் வேலை. வாரக்கணக்கில் விடாமல் தடவினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், ஸ்டீராய்டே தன் பங்குக்குப் புதிதாகப் பரு கிளப்பும், அடியில் படர்தாமரை இருந்தால் அது வேஷம் மாற்றிக்கொண்டு நாலா பக்கமும் பரவும். நிறுத்தினால் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். போதாததற்குப் பல ட்யூப்களில் நியோமைசின் இருக்கும். அதுவே சிலருக்கு அலர்ஜி. அலர்ஜிக்கு வாங்கிய மருந்துக்கு அலர்ஜி வருவது இந்தக் கலையில் ஓர் உயர்ந்த நிலை.

ஆறிப்போன பழைய டாட்டூவைப் பற்றிச் சொல்ல அவ்வளவாக ஒன்றுமில்லை. அது வெறும் தோல்தான். வண்ணம் இருக்கிறதே என்பதற்காகப் பரு வராமல் போகாது, கூடுதலாகவும் வராது. முதுகில் சிறகு குத்தியவர் ஜிம் முடித்துவிட்டு நனைந்த பனியனோடு பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் சிறகு முழுக்கப் பரு வரும்; சிறகு குத்தாத அவர் நண்பருக்கும் வரும். முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் எல்லாம் ஆறிய டாட்டூவின் மேல் அளவாகப் போடலாம். மை ஆழத்தில் இருப்பதால் அதைத் தொடாது. பென்சாயில் பெராக்சைடு வெளுக்க வைப்பது உங்கள் துண்டையும் தலையணை உறையையும்தான். இதே களிம்பை ஆறாத டாட்டூவின் மேல் போட்டால் எரிந்து உரியும் என்பதை, இந்தக் கட்டுரையின் நோக்கம் கருதி, ரகசியமாக வைத்துக்கொள்கிறேன்.

மேல்படிப்பு என்று ஒன்று உண்டு. தோலில் எது எழும்பினாலும் பரு என்றே சொல்லிக்கொண்டிருப்பதுதான் அது. இதில் தேற நல்ல பிடிவாதம் வேண்டும். பூவின் சிவப்பு இதழ்கள் மட்டும் தடித்து அரிக்கின்றன, பச்சை இலையும் கறுப்புத் தண்டும் பேசாமல் இருக்கின்றன என்று வையுங்கள். அது சிவப்பு மை ஒத்துக்கொள்ளாத அலர்ஜி. குத்தி மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்தும் வரும். எல்லா நிறத்திலும் சிவப்புதான் இதில் பேர்போனது. கோட்டை ஒட்டியே வெள்ளிச் செதிலாக உரிந்தால் சோரியாசிஸாக இருக்கலாம். அந்த வாகு உள்ளவர்களுக்குக் காயம் பட்ட தடத்திலேயே அது கிளம்புவதை ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். முத்துப் போல் பளபளத்து நடுவில் சின்னக் குழி விழுந்திருந்தால் அது வைரஸ். பிதுக்கினால் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பரவும். ஆகவே, பரு என்று சொல்லிக்கொண்டே பிதுக்குங்கள்.

சாம்பல் நிழல் போட்ட இடத்தில் மட்டும் முடிச்சு முடிச்சாக எழும்பி, வாரங்கள் ஆகியும் போகாமல் இருந்தால்? 2011-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்கு அப்படித்தான் வந்தது. பரு இல்லை, காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியம் கெலோனே. தேடிப் பார்த்ததில் குற்றவாளி ஊசி இல்லை, ஆர்ட்டிஸ்டின் கையும் இல்லை. புட்டியில் கலந்தே வந்த சாம்பல் மை. கடைக்கு வரும்போதே கிருமியோடு வந்திருந்தது. இதை நம் ஊர் ஆர்ட்டிஸ்ட் யாரிடமாவது சொல்லி, நிழலுக்கு மையை எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேன் தண்ணீர் என்று பெருமையாகச் சொன்னால், கிருமி நீக்கிய தண்ணீர் விற்கிற பூமியில் வேறு கடை தேடுங்கள்.

ஒரு நிமிஷம் விளையாட்டை நிறுத்திக்கொள்வோம். சிவப்பு நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போகிறது, தொட்டால் சுடுகிறது, குறைய வேண்டிய வலி கூடுகிறது, சீழ் ஒழுகுகிறது, கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறது, குளிர்க்காய்ச்சல் அடிக்கிறது: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம்.

மற்றபடி, மருத்துவரிடம் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. “என்னென்ன போட்டீங்க?” என்பதுதான் தோல் மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும். “ஒண்ணுமே போடல டாக்டர்” என்று ஆரம்பிக்க வேண்டும். வாசலின் கணக்கில் வராது, அது மருந்தில்லை. தேங்காய் எண்ணெய் வீட்டில் எப்போதும் இருப்பது. சுண்ணாம்பு போட்டது பெரியம்மா. ட்யூபைப் பற்றி அவரே கேட்டால் மட்டும், பேர் ஞாபகமில்லை, வெள்ளையாக இருந்தது என்று சொல்லலாம். அவர் விளக்கைக் கிட்டே இழுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, புலியை மூக்கிலிருந்து வால் வரை பார்ப்பார். “போட்டதையெல்லாம் நிறுத்துங்க. சோப்புப் போட்டுக் கழுவுங்க. கிள்ளாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்பார். சீட்டில் மருந்தே இருக்காது. ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு களிம்பு கூட எழுதாத மருத்துவரை நம்பி என்ன பயன்? வேறு நல்ல டாக்டராகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.