‘நோ சூனர்’ அப்பா

கும்பகோணத்தில் காலேஜுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு, ஊரில் எந்த வீடு எந்தப் பரீட்சைக்குப் பயப்படுகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். ஜூன் பிறந்தால் என் கடைக் கதவில் ‘டியூஷன் எடுக்கப்படும்’ நோட்டீஸ்கள் முளைக்கும். ஜூலையில் அவற்றின் முன்னால் அப்பாக்கள் முளைப்பார்கள். அதில் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோட்டீஸில் இருக்கும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தால், நான் சொல்ல வந்த ஆள் அவர்தான்.

இவர் ஊருக்கு நாலு பேராவது இருப்பார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மின்வாரியத்தில் கணக்குப் பார்க்கிறவர், அதனால் ஈ.பி. சார். ஒரே மகள், எட்டாவது, இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷில் தொண்ணூறுக்குக் குறைந்து வாங்கியதில்லை. அதுதான் அவருக்குக் கவலை.

“மார்க் வருது சார், இங்கிலீஷ் வரலையே!”

அவர் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அது. காம்ப்ரிஹென்ஷன் என்று ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்களே, அதில் மார்க் வாங்கப் பத்தியைப் படிக்கவே வேண்டாம். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அந்த வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் போதும். பத்தி திமிங்கிலத்தைப் பற்றியதா திருவாரூர்த் தேரைப் பற்றியதா என்று தெரியாமலே பாப்பா ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடுவாள். கட்டுரைக்கு கைடு இருக்கிறது. நோயை இவர் சரியாகத்தான் பிடித்தார். வைத்தியரைத் தேடக் கிளம்பியதில்தான் வினை வந்தது.

அவர் வாத்தியார் தேடுவது பெண் வீட்டார் மாப்பிள்ளை தேடுவது மாதிரி இருக்கும். முதலில் விசாரிப்பு, பிறகு நேரில் போய்ப் பார்ப்பு. அதற்குப் பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று: நுழைவுத் தேர்வு. வாத்தியாருக்கு. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று வெளியே வரும். (அதை நூறு காப்பி போட்டுக் கொடுத்தவனே நான்தான்.) ‘ஷல்’ எங்கே, ‘வில்’ எங்கே? ‘லை’ என்பதற்கும் ‘லே’ என்பதற்கும் இறந்தகாலம் என்ன? கடைசியாகப் பிரம்மாஸ்திரம்: “‘நோ சூனர்’னு ஆரம்பிச்சா பின்னாடி ‘வென்’ போடணுமா, ‘தேன்’ போடணுமா?” எதிராளி ‘தேன்’ என்று சொன்னால் இவர் காதில் தேன் பாயும். ‘வென்’ என்றால், ஊற்றி வைத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவார்.

முதலில் தேறியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அட்டை கழன்ற ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் அவர் மடியில் இருந்ததைப் பார்த்த உடனேயே ஈ.பி. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் அந்தப் புத்தகத்தில் பயின்றவர். ரென் வேறு, மார்ட்டின் வேறு என்பதே அவருக்குக் கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்ததாம். அந்த ரென், பம்பாய்ப் பக்கம் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்று பாலைவனமும் படைவீரர்களுமாக ஒரு சாகச நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர். அதைப் பல தடவை சினிமாவாகவும் எடுத்தார்கள். இலக்கணம் போட்டவரே கதை எழுதினவர்தான் என்று நான் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “அது அவரோட பர்சனல் சார்” என்று முடித்துவிட்டார்.

டியூஷன் தொடங்கியது. ஹெட்மாஸ்டர் ஒரு வாக்கியத்தைப் போர்டில் எழுதி எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று அக்கக்காகப் பிரிப்பார். பிரிப்பதைத் திண்ணையில் இருந்து ஈ.பி. சார் பார்ப்பார். இரண்டாவது வாரம் திண்ணையிலிருந்து ரேழிக்கு வந்தார். மூன்றாவது வாரம் பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். செய்வினை, செயப்பாட்டுவினை பற்றி இரண்டு பெரியவர்களும் கொண்டாட்டமாகப் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரங்களில் பாப்பா கணக்கு ஹோம்வொர்க்கை முடித்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து ‘நவுன்’ முடிந்தது. அதற்குள் ‘ஜெரண்ட்’ என்பது பெயர்ச்சொல்லா வினையா என்று இருவருக்கும் வாய்த் தகராறு, டியூஷன் நின்றது. இன்றும் தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்கு ஒரே ஒரு நாள்தான் போனார். கவுண்டரில் இருந்த பையன் எழுந்து ‘மைசெல்ஃப்’ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். திரும்பி வந்து என் கடையில் ஒரு சோடா குடித்தார். ஆன்லைன் வாத்தியார் ஒருவரும் வந்தார், நெட்வொர்க் வரவில்லை.

இடையில் துபாயிலிருந்து வந்த மச்சினர் பையன் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் பரீட்சைப் பூதத்தை அறிமுகம் செய்துவிட்டுப் போனான். நாற்பது நிமிஷத்தில் குறைந்தது 250 சொல்லுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். அன்று முதல் பாப்பா சாம்பார் சாதம் சாப்பிடுவதைக்கூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தார். ‘ரீடிங்’குக்கும் ஒரு திட்டம் வந்தது. காலை ஆறு மணிக்கு ஹிந்து தலையங்கத்தை நின்றபடி உரக்க வாசிக்க வேண்டும். தெரியாத சொல் ஐந்தை லாங் சைஸ் நோட்டில் எழுத வேண்டும். ஒரு வாரத்தில் அந்த நோட்டில் இருந்த சொற்களெல்லாம் இவர் வாய்க்கு வந்துவிட்டன. “இன்னிக்கும் தக்காளி ரசமா? யுபிக்விட்டஸ்!” என்றார் ஒரு நாள் சாப்பாட்டில். “என்னங்க சொன்னீங்க என்னை?” என்று கரண்டியோடு வந்தார் அந்த அம்மாள்.

இவரை வெறும் கோமாளி என்று தள்ளிவிட எனக்கு மனசு வராததற்குக் காரணம் இந்த ஊர். காவிரிக் கரையில் நிற்கிற எங்கள் அரசுக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொன்ன காலம் உண்டு. பக்கத்து வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி, காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பையே உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டு, என் பெயரைப் போடாதீர்கள் என்று சொன்னவர். அதே கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், இங்கிலீஷ் காம்போசிஷனில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார்; மறு வருஷம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறியும்விட்டார். காந்திக்கே திருத்தியவரும் காம்போசிஷனில் கோட்டை விட்டவரும் ஒரே வட்டாரம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாப்பா கட்டுரை எழுதியாக வேண்டும்.

“ராமானுஜனுக்கு மட்டும் நல்ல டியூஷன் வாத்தியார் ஒருத்தர் கிடைச்சிருந்தா?” என்பார் ஈ.பி. சார்.

கிடைத்திருந்தால் பாஸ் பண்ணி, எழுத்தராகி, ரிடையராகி, பென்ஷன் வாங்கியிருப்பார் என்று சொல்ல நினைத்தேன். ஜெராக்ஸுக்குப் பாக்கி வைக்காத வாடிக்கையாளர், சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த மிஸ் வந்தாள். எம்.ஏ. இலக்கியம், வயது இருபத்து நான்கு இருக்கும். ‘நோ சூனர்’ கேள்விக்கு ‘தேன்’ என்று சொல்லிவிட்டு, “ஆனா சார், இப்படி யாரு பேசறாங்க?” என்று சிரித்திருக்கிறாள். பதில் சரி என்பதால் மறுக்க முடியாமல், சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு, மாதம் ஆயிரத்து ஐநூறுக்குச் சம்மதித்தார்.

முதல் நாள் மிஸ் பாடமே நடத்தவில்லை. ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து, “பிடிச்ச வரைக்கும் படி. பிடிக்கலேன்னா வேற தரேன்” என்று அனுப்பிவிட்டாள். ஈ.பி. சார் அன்று மாலையே கடைக்கு வந்துவிட்டார். “கதை படிக்கறதுக்கா சார் ஆயிரத்தைந்நூறு?” ஆனாலும் பாப்பா ராத்திரி விளக்கை அணைக்காமல் படித்தாள் என்ற சேதியும் சேர்ந்தே வந்தது. புகாராகத்தான் வந்தது. மின்வாரியத்துக்காரர் இல்லையா.

இரண்டாவது மாதம் கட்டுரை. தலைப்பு, ‘நான் சென்ற சுற்றுலா’. இந்தத் தலைப்புக்குப் பாப்பாவின் வகுப்பில் நாற்பது பேரும் ஊட்டிக்குப் போய் வந்தவர்கள். நாற்பது பேரும் ஒரே தாவரவியல் பூங்காவைப் பார்த்து, ஒரே வாக்கியத்தில் வியந்தவர்கள். கைடில் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் பள்ளிக்கூடம் அழைத்துப்போனது தரங்கம்பாடிக்கு. “நீ எங்க போனியோ அதை எழுது” என்றாள் மிஸ். பாப்பா எழுதினாள், மூன்று பக்கம். பஸ் மயிலாடுதுறை தாண்டியதும் முன்சீட்டுப் பெண் வாந்தி எடுத்தது, அதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இவள், கடைசியில் பி.டி. மாஸ்டரே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது, டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டைக்கு முன்னால் நாற்பது பேரும் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி குழுப் படம் எடுத்துக்கொண்டது. ‘தி’ வரவேண்டிய இடத்தில் ‘எ’ இருந்தது. இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. மிஸ் அந்த நோட்டை என் கடையிலேயே நின்று படித்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போனாள். பத்துக்கு எட்டு.

ஈ.பி. சார் முதல் வரியிலேயே ‘வாமிட்’ என்ற சொல்லைப் பார்த்தார். மறுநாள் மிஸ் கிடையாது.

அதோடு விட்டாரா? ‘இதை நானே சரிபண்றேன்’ என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்தச் சுற்றுலாவைப் புதிதாக எழுதினார். சூரியன் தன் பொற்கிரணங்களை விரித்தது. மாணவர்கள் எல்லாரும் ‘இன் ஹை ஸ்பிரிட்ஸ்’ஆக இருந்தார்கள். கோட்டையைக் கண்ட கணத்தில், ‘நோ சூனர்’ வந்தது. அதற்குரிய ‘தேன்’ தவறாமல் வந்தது. பாப்பாவை விட்டு அழகாக நகல் எடுக்கவைத்து, புதிதாகப் பிடித்த வாத்தியாரிடம் கொடுத்தனுப்பினார்.

நேற்று அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பின்னால் பாப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். கேரியரில், கணக்கு நோட்டுக்கு அடியில், லைப்ரரி புத்தகமும் அல்லாத, பாடப் புத்தகமும் அல்லாத ஏதோ ஒரு கதைப் புத்தகம் எட்டிப் பார்த்தது. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

நோட்டில் சிவப்பு மையில் இருந்தது: பத்துக்கு நாலு. கீழே ஒரு வரி. கைடைப் பார்த்துக் காப்பியடிக்காதே, சொந்தமாக எழுது.

“ஒவ்வொரு வரியும் சொந்தச் சரக்கு சார்!” என்றார். குரல் உடைந்துவிட்டது. “ஒரு கிராமர் மிஸ்டேக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம். ‘இன் ஹை ஸ்பிரிட்ஸ்’ல என்ன சார் தப்பு?”

“தப்பே இல்லையே” என்றேன்.

“பின்ன?”

பாப்பா சைக்கிள் பெல்லை ஒரு தடவை தட்டினாள்.

“அப்பா, பஸ்ஸுல யாருமே அப்படி இல்லப்பா. எல்லாருக்கும் வாந்தி.”